கயாக்கில் தூண்டில் போடும்போது கத்தி: மடக்குக்கத்தி போதுமா, எங்கே மாட்டுவது?

மணல்திட்டு:

வணக்கம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கரையிலிருந்து 400–600 மீட்டருக்குள் கயாக்கில் தூண்டில் போடுகிறேன். 12 அடி சிட்-ஆன்-டாப் (மேலே உட்கார்ந்து ஓட்டும் ரகம்), பெடல் வைத்தது. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், 6 மி.மீ. கயிறு 40 மீட்டர். ரீலில் 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), முன்னால் முள் பக்கம் 50 பவுண்டு மோனோ லீடர் (ஒற்றை இழை நரம்பு), சீலாவுக்கு மட்டும் ஸ்டீல் ஒயர்.

இப்போது தூண்டில் பெட்டிக்குள் ஒரு மடக்குக்கத்தி கிடக்கிறது. இரை நறுக்குவதும் அதில்தான். பாதுகாப்புக்கு அதுவே போதுமா, தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? காலில் கட்டுவதா, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுவதா? கத்திக்குக் கயிறு கட்டி வைக்கலாமா? பல்லுள்ள கத்தியா, சாதா கத்தியா? வழியில் போலீஸ் கேட்டால் பிரச்சினை வருமா? கூட வருபவர் "சுறா வந்தால் என்ன செய்வாய், பெரிய கத்தியாக வாங்கு" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீவாடு:

சுறாவை விடுங்கள். இந்தக் கரையில் கயாக்கில் கத்தியை உருவ வேண்டி வந்தால் அது கயிறு அறுக்கத்தான் இருக்கும். பெரும்பாலும் மூன்று நேரங்களில் வரும். நங்கூரம் பாறையில் மாட்டி நீவாடு (கடல் நீரோட்டம்) கயாக்கைப் பக்கவாட்டில் சாய்ப்பது ஒன்று. கவிழ்ந்து தண்ணீரில் கிடக்கும்போது கயிறோ நரம்போ காலைச் சுற்றுவது இன்னொன்று. மூன்றாவது, யாரோ போட்ட வலையில் பெடல் சிக்குவது.

மூன்றிலும் உங்கள் ஒரு கை ஏற்கெனவே வேலையில் இருக்கும். கயாக்கைப் பிடித்திருக்கும், அல்லது துடுப்பை. மிச்சமிருப்பது ஈரமான ஒரு கை. அது எந்தக் கை என்பதும் முன்கூட்டித் தெரியாது. கண் தண்ணீருக்குள் இருக்கலாம். இதை மனதில் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை வந்துவிடும்.

மடக்குக்கத்தி வேண்டாம். நகத்தால் இழுத்துத் திறக்கும் ரகத்துக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையால் திறக்கும் ரகத்திலும் சுழலும் இடத்தில் மணலும் உப்பும் ஏறினால் பாதியில் நிற்கும். பூட்டு சரியாக விழாமல் அறுக்கும்போது மடங்கினால் விரலில்தான் வந்து விழும். பெட்டிக்குள் வைப்பது அதைவிட மோசம். கயாக் கவிழ்ந்தால் பெட்டி தலைகீழாக அடியில் தொங்கும், இல்லாவிட்டால் மிதந்து போகும். அதனால் மடங்காத கத்தி, உங்கள் உடம்பில்.

அலகு 7–8 செ.மீ. போதும். 6 மி.மீ. கயிற்றுக்கு அதற்கு மேல் தேவையில்லை. நீளம் கூடினால் உறையிலிருந்து முழுக்க வெளியே வர கை அதிகம் போக வேண்டும், தண்ணீருக்குள் அது சிரமம்.

முனை மழுங்கலாக இருக்கட்டும். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, கத்தி மாதிரியே இல்லை என்பார்கள். காலில் சுற்றிய கயிற்றை அலை ஆட்டும்போது அறுக்கிறீர்கள். கூர்முனை முதலில் போவது தொடைக்குள். காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட் போடுபவர்களுக்கும் ரப்பர் கயாக் வைத்திருப்பவர்களுக்கும் கூர்முனை இன்னும் ஆபத்து. ஆற்றில் துடுப்பு போடுபவர்களுக்காகச் செய்யும் மீட்புக் கத்திகள் பலவும் மழுங்கல் முனையோடு வருவது இதனால்தான். ஏற்கெனவே கூர்முனைக் கத்தி இருந்தால் கிரைண்டரில் முனையில் 5 மி.மீ. தேய்த்து எடுத்துவிடலாம். தேய்க்கும்போது இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். அலகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கூர் நிற்காது.

பல்லா, சாதாவா? ஈரமான நைலான், பாலிபுரொப்பிலீன் கயிற்றில் சாதா கூர் வழுக்கும், பல் கவ்வும். மோனோ நரம்புக்கும் விறைத்து நிற்கும் பிரெய்டுக்கும் சாதா கூர் சுத்தமாக வெட்டும். ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்றால் பல்லுள்ளதை எடுங்கள். கூர் கொஞ்சம் போனாலும் பல் அறுத்துக்கொண்டே இருக்கும். வாரா வாரம் கத்தி தீட்டாதவர்களுக்கு (நம்மில் பெரும்பாலோர்) அதுதான் சரி. பாதி பல், பாதி சாதா என்று வருவதும் நல்லது, ஆனால் 7 செ.மீ. அலகில் இரண்டுக்கும் இடம் குறைவு.

எஃகு விஷயம். கடல் தண்ணீரில் டி2, 8சிஆர்13எம்ஓவி மாதிரி எஃகு சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 420 துருவைக் கொஞ்சம் தாங்கும், கூர் சுமாராக நிற்கும். எச்1, எல்சி200என் என்ற இரண்டும் நைட்ரஜன் கலந்தவை, உப்புத் தண்ணீரில் கிட்டத்தட்டத் துருவே பிடிக்காது, விலைதான் அதிகம். டைட்டானியமும் துரு பிடிக்காது, ஆனால் கூர் சீக்கிரம் போகும், அதனால் அதில் பல்லுள்ளதைத்தான் எடுக்க வேண்டும். பீங்கான் கத்தி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டில் நெம்பினால் உடையும்.

காசு குறைவாகப் போக வேண்டுமா? தக்காளி வெட்ட விக்டோரினாக்ஸ் விற்கும் 11 செ.மீ. பல்லுள்ள சிறு கத்தி இருக்கிறதே, உருண்டை முனை, சில நூறு ரூபாய். 6 மி.மீ. கயிற்றை நன்றாக அறுக்கும். அலகு மெல்லியது, நெம்பினால் வளையும், உறை கிடையாது. உறை மட்டும் நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

இரை நறுக்குவதற்கு வேறு கத்தி. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மீன் முள்ளிலும் பலகையிலும் பட்டு மழுங்கிய கத்தி, வேண்டிய நேரத்தில் கயிற்றில் வழுக்கும். அதோடு, இரை நறுக்கிய கத்தி உறைக்குத் திரும்பாது; காலடியில் கிடக்கும், அங்கிருந்து கடலுக்குப் போகும்.

துடுப்புமரம்:

மேலே சொன்னதோட மாட்டும் இடத்தையும் சேர்த்துக்கங்க.

காலில் கட்டுறது முக்குளிப்பவங்க பழக்கம். அவங்களுக்குக் கால் எட்டும். நீங்க லைஃப் ஜாக்கெட்டோட மிதக்கும்போது உடம்பு நிமிர்ந்து நிக்கும், கணுக்காலைத் தொடணும்னா முகம் தண்ணிக்குள்ள போகணும், ஜாக்கெட் அதை விடாது. கயிறு சுத்துறதும் காலைத்தான், அதே காலில் கத்தியும் இருந்தா கயிறு கத்திப் பிடியிலயும் மாட்டும்.

இடுப்பு பெல்ட்டில் மாட்டினா ஜாக்கெட் மேல மூடிடும். ஜிப் போட்ட பைக்குள்ள வேண்டாம். நனைஞ்ச கையால ஜிப் திறக்கிறதே ஒரு வேலை.

ஜாக்கெட்டில் இடது தோளுக்குக் கீழே பன்றி மூக்கு மாதிரி இரண்டு பிளவுள்ள சதுரத் துண்டு தைச்சிருக்கும். அதுக்குத்தான் அது. உறையை அதில் கட்டுங்க, கைப்பிடி கீழ்நோக்கி. கையைக் கீழே இழுத்தா கத்தி வரும். இடது பக்கமே இருந்தாலும் நெஞ்சுக்கு நடுப்பக்கமாத் தள்ளி வைங்க, அப்பதான் இடது கையும் எட்டும், வலது கையும் எட்டும்.

தலைகீழா மாட்டினா உறையோட பிடி நல்லா இருக்கணும். ஜாக்கெட்டைக் கையில் எடுத்து 20 தடவை பலமா உதறுங்க. கத்தி விழுந்தா அந்த உறை ஆகாது. அடுத்து முக்கியமான சோதனை: இடுப்பளவு தண்ணியில் கயாக்கைக் கவிழ்த்து, நிமிர்த்தி, நெஞ்சை விளிம்பில் தேய்ச்சபடி மேல ஏறுங்க. ஐந்து தடவை. இந்தத் தேய்ப்பில்தான் கத்திகள் கடலுக்குப் போறது. கைப்பிடி விளிம்பில் மாட்டினா இரண்டு விரல் அகலம் மேலே ஏத்திக் கட்டுங்க.

கத்திக்குக் கயிறு விஷயத்தில் என் கருத்து: வேண்டாம். கயிறு அறுக்க வந்த கத்தி தானே ஒரு கயிறாயிடும். மணிக்கட்டில் வளையம் போட்டா ரொம்ப மோசம், அலை தூக்கிப் போடும்போது திறந்த அலகு உங்க கையோடவே சுத்தும். இரண்டு கத்தி வைச்சுக்கங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு.

நீவாடு:

கயிறு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மணிக்கட்டு வளையம் கூடாது, சரி. ஆனால் ஈரக் கையில் நடுக்கத்தோடு உருவும்போது கத்தி நழுவுவது சகஜம், அந்த நேரத்தில் இரண்டாவதைத் தேட முடியாது. 2 மி.மீ. நூலை ஜாக்கெட்டில் கட்டுங்கள். நீளம், கையை முழுக்க நீட்டினால் எட்டும் அளவு, 80–90 செ.மீ. கத்திப் பக்கத்தில் நேரே முடிச்சு போடாமல் மெல்லிய கேபிள் டை ஒன்றை இடையில் வையுங்கள், 2.5 மி.மீ. அகலமுள்ளது. எங்காவது மாட்டி உடம்பு எடையோடு இழுத்தால் அது அறும். அறுகிறதா என்று கரையில் இழுத்துப் பாருங்கள். அறவில்லை என்றால் பக்கவாட்டில் பிளேடால் லேசாகக் கீறி வையுங்கள். மிச்ச நூலைச் சுருட்டி ரப்பர் வளையத்துக்குள் செருகிவிட்டால் தொங்காது.

அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது மட்டும் துடுப்புமரம் சொல்வதுதான் சரி. அங்கே கத்திக்கு மட்டுமல்ல, தூண்டில் கோல், துடுப்பு, பிளையர் எதற்கும் கயிறு வேண்டாம். எண்ணிப் பாருங்கள்: கோலுக்கு இரண்டு, துடுப்புக்கு ஒன்று, பிளையருக்கு ஒன்று, மீன் மாட்டிக்கு ஒன்று. ஐந்து கயிறு காலடியில். கவிழ்ந்தால் வலைக்குள் விழுந்த மாதிரிதான். கோல்களை உள்ளறையில் படுக்கவைத்து மூடிவிட்டு அலையைத் தாண்டுங்கள், தாண்டியபின் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள், கடல் பக்கம் வந்துவிடுங்கள். தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி அடித்தால் எந்தக் கத்தியும் உதவாது.

நங்கூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்தி வேண்டிவருவது பெரும்பாலும் அங்கே கோளாறு இருப்பதால்தான்.

நடுப்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டாதீர்கள். நீவாட்டின் வேகம் இரண்டு மடங்கானால் கயிற்றில் இழுவிசை நான்கு மடங்காகும். பக்கவாட்டில் கட்டியிருந்தால் அந்த விசை முழுவதும் கயாக்கின் ஒரு விளிம்பைக் கீழே இழுக்கும். முன்முனை அல்லது பின்முனையிலிருந்துதான் கயிறு போக வேண்டும். அதற்கு ஆங்கர் டிராலி: இரு முனையிலும் கப்பி, நடுவே வளையம், பக்கவாட்டில் ஓடும் கயிறு. வளையத்தை முனைக்குத் தள்ளிவிட்டு, நங்கூரக் கயிற்றின் மறுமுனையை வளையத்துக்குள் விட்டு இருக்கைக்கருகே கிளீட்டில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடி) சொருகலாம்.

கயிற்றை விடும் நீளம், ஆழத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. காற்று இருந்தால் ஐந்து. கயிறு நேர்செங்குத்தாக நின்றால் நங்கூரம் பிடிக்காது, பிடித்தாலும் ஒவ்வோர் அலைக்கும் முனையைக் கீழே இழுக்கும்.

மிதவையை எங்கே கட்டுவது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கயிற்றின் கடைசியில் கட்டினால், அவசரத்தில் கயிற்றை விடும்போது மிதவை வளையத்தில் போய் முட்டி நிற்கும். மிதவை வளையத்துக்கு வெளிப்புறம், நங்கூரப் பக்கம் இருக்க வேண்டும். தேவையான நீளம் விட்டபின் கயிற்றில் ஒரு கண்ணி முடிந்து அதில் மிதவையைக் கொக்கியால் மாட்டுங்கள். கண்ணியிலிருந்து வளையம் வழியாகக் கிளீட்டுக்கு ஒரு சிறு கயிறு, மறுமுனையில் முடிச்சில்லாமல். கிளீட்டிலிருந்து உருவிவிட்டால் கயிறு தானே ஓடிவிடும், மிதவை நங்கூரத்தைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தியே வேண்டாம்.

கிளீட் இறுகி விடவில்லை என்றால்தான் கத்தி. அப்போது வளையத்தை உங்கள் பக்கம் இழுத்து வந்து அறுக்க நினைக்காதீர்கள். வளையம் நடுவுக்கு வந்த நொடியில் கயாக் பக்கவாட்டில் திரும்பும். கிளீட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, உங்கள் கைக்கு அருகில் அறுங்கள். விறைத்த நைலான் அறுந்ததும் தெறிக்கும், முகத்தை அந்தக் கோட்டில் வைக்காதீர்கள். உடனே எதிர்ப்பக்கம் சாயத் தயாராக இருங்கள், இழுப்பு நின்றதும் கயாக் துள்ளி நிமிரும்.

இன்னொன்று. மடக்கு நங்கூரத்தின் மேல் கண்ணில் கயிறு கட்டாமல், அடி முனையில் உள்ள கண்ணில் சங்கிலியைக் கட்டி, தண்டை ஒட்டி மேலே கொண்டு வந்து மேல் கண்ணில் ஒரே ஒரு கேபிள் டையால் பிணையுங்கள். பாறையில் மாட்டினால் ஓங்கி இழுக்க டை அறும், நங்கூரம் அடிப்பக்கமாகப் புரண்டு வந்துவிடும். அந்த ஓங்கி இழுப்பும் முனையிலிருந்துதான், பக்கவாட்டில் வேண்டாம்.

சீலாக்கோல்:

கத்தியால் ஆகாதவை இரண்டு: ஸ்டீல் ஒயர், தூண்டில் முள்.

சீலா, வஞ்சிரத்துக்குப் போடும் ஒயர் லீடரில் கத்தியைப் போட்டால் கத்திதான் கெடும். கையில் ஒரு முள், மீன் வாயில் இன்னொரு முள் என்று மூன்றுமுனைக் கொக்கி மாட்டிக்கொள்வது கயாக்கில் நடக்கிற விபத்து. மடிமேல் மீன் துள்ளுகிற இடம் அல்லவா. அங்கே வேண்டியது கட்டிங் பிளையர். வாங்கும் அன்றே நீங்கள் பயன்படுத்தும் அதே அளவு முள்ளை எடுத்து வெட்டிப் பாருங்கள். தடித்த கடல் முள்ளைச் சாதாரண மீன்பிடி பிளையர் நசுக்கும், வெட்டாது. அதற்கு 16–20 செ.மீ. நீளமுள்ள சிறிய போல்ட் கட்டர் வகை வேண்டும்.

வரிசை இப்படி: முதலில் மீனின் தலையைத் துணியோடு அழுத்தி அசையாமல் பிடியுங்கள், அல்லது மடியோடு சேர்த்து நசுக்கிப் பிடியுங்கள். மீன் துள்ளுகிற ஒவ்வொரு முறையும் முள் உங்களுக்குள் ஆழமாகப் போகும். அடுத்து மீன் பக்கத்து முள்ளின் தண்டை வெட்டி மீனைப் பிரியுங்கள். அதன்பின் நரம்பு. கையில் இருக்கும் முள்ளைக் கடைசியாக, கரையில், வைத்தியரிடம். கண்ணருகே, மூட்டில், மணிக்கட்டின் உள்பக்கத்தில் என்றால் கடலில் கை வைக்கவே வேண்டாம். மூன்றுமுனைக் கொக்கிகளைக் கழற்றி ஒற்றை முள் போட்டு, முள்ளின் பின்செதிலை (கழன்று வராமல் தடுக்கும் சிறு எதிர்முனை) பிளையரால் நசுக்கிவிட்டால் இந்த வேலையில் பாதி குறையும்.

கத்தியோடு கூடவே ட்ராமா ஷியர்ஸ் ஒன்று வையுங்கள். ஆம்புலன்ஸில் துணி வெட்டும் கத்தரிக்கோல், மருத்துவப் பொருள் கடையில் மலிவு. தளர்ந்து கிடக்கும் பிரெய்டை எந்தக் கத்தியும் லேசில் அறுக்காது, தள்ளிக்கொண்டே போகும். கத்தரி ஒரே கடியில் வெட்டும். கால், தோல் பக்கத்திலும் பயமில்லை, கீழ்த்தாடை மழுங்கல். இரண்டு தாடையும் சேரும் ஆணியில் துரு பிடித்து இறுகுவதுதான் இதன் குறை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் திறந்து மூடிக் கழுவி ஒரு துளி எண்ணெய்.

பிரெய்டை விரலில் சுற்றி இழுத்து அறுக்க நினைக்காதீர்கள். எலும்பு வரை போகும். துடுப்புத் தண்டில் நான்கு சுற்று சுற்றி, விறைப்பாக்கி, அப்புறம் கத்தி.

மணல்திட்டு:

நன்றி, நிறையத் தெளிந்தது. தக்காளிக் கத்தி வாங்குவதாக முடிவு. உறை எப்படிச் செய்வது? வலையில் பெடல் மாட்டினால் என்ன வரிசை? வலை அடுத்தவருடையது, அறுத்தால் கரையில் பதில் சொல்ல வேண்டுமே.

துடுப்புமரம்:

உறை: ஒரு அங்குல பிவிசி குழாய், அலகைவிட 2 செ.மீ. நீளமா வெட்டுங்க. நெடுக ஒரு பக்கம் கீறி விரிச்சுக்கங்க. ஹீட் கன் இருந்தா நல்லது, இல்லாட்டி கேஸ் அடுப்பு மேல ஒரு சாண் உயரத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. பழுப்பாகக் கூடாது, புகை வரக் கூடாது, வந்தா சூடு அதிகம், அந்தப் புகை நஞ்சு. அதனால திறந்த வெளியில் செய்யுங்க. தோல் மாதிரி தொளதொளன்னு ஆனதும் அலகில் இரண்டு சுத்து காகிதம் சுத்தி நடுவில் வைச்சு, இரண்டு பலகைக்கு நடுவே ஏறி நில்லுங்க. இரண்டு நிமிஷம். ஆறினதும் காகிதத்தை எடுத்தா கத்தி போய்வர இடம் இருக்கும்.

அப்புறம் வாயை மட்டும் திரும்பச் சூடாக்கி, கைப்பிடியில் 2 செ.மீ. உள்ள போற மாதிரி கத்தியைச் சொருகிக் கையுறை போட்டு அழுத்திப் பிடிங்க. அந்த அழுத்தம்தான் பூட்டு. இழுத்தா 'டொக்'குனு வரணும். இறுக்கமா இருந்தா வாயை ஹீட் கன்னில் லேசாக் காட்டினாலே தளரும். அடி முனையில் 5 மி.மீ. ஓட்டை, தண்ணி வடிய. ஓரமா நாலு ஓட்டை, கட்ட. கைப்பிடியில் பழைய சைக்கிள் ட்யூபை 3 செ.மீ. வெட்டி மாட்டினா வழுக்காது. ஆரஞ்சு டேப் ஒரு சுத்து. கறுப்புப் பிடி தண்ணியில் விழுந்தா கண்ணுக்கே தெரியாது.

கொடிக்கம்பு:

வலைக்குப் பதில் நான் சொல்கிறேன்.

முதலில் மாட்டாமல் இருப்பது. வலையின் இரு முனையிலும் கொடிக்கம்போ, தெர்மாகோல் துண்டோ, காலி கேனோ இருக்கும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று எங்கே என்று தேடுங்கள், இரண்டுக்கும் நடுவே வலை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடிக்கு வெளிப்புறமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை. விடியற்காலையில் சின்ன மிதவை தெரியாது, அந்த நேரத்தில் பெடல் வேண்டாம், துடுப்பே போதும். விசைப்படகுத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கடல் காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு வலை கரையோரம் இருக்கும்.

கடந்துதான் ஆக வேண்டும் என்றால் பெடலையும் சுக்கானையும் மேலே தூக்கிவிட்டு, இரு மிதவைக்கு நடுவே, மேல்கயிறு தாழ்ந்திருக்கும் இடத்தில் துடுப்பால் கயிற்றை அழுத்திப் பிடித்து நேராகத் தாண்டுங்கள். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகாதீர்கள்.

மாட்டிவிட்டால் மிதிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் விசிறித் தண்டில் கண்ணிகள் இறுகிவிடும். பின்பக்கமாகக் கையால் மெதுவாக அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள், பலசமயம் அவிழும். அவிழாவிட்டால் பெடல் கூட்டை அப்படியே மேலே தூக்குங்கள். கயாக்கின் ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குள் கை விட்டு எடுக்க முயலாதீர்கள். வலை ஒரு பக்கம் இழுக்கும்போது நீங்களும் அதே பக்கம் சாய்ந்தால் கவிழ்வது நிச்சயம். தூக்கியதும் காலுக்கு நடுவே உள்ள பொந்து வழியாகவே வலை தெரியும். கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்.

அறுத்தே ஆக வேண்டுமானால் கத்தரியால் இரண்டு மூன்று கண்ணி. மிதவை கோத்த மேல்கயிற்றை மட்டும் அறுக்காதீர்கள். அது அறுந்தால் வலை இரண்டு துண்டாகி ஒரு பாதி கடலோடு போகும், அவருக்குப் பல ஆயிரம் நஷ்டம், போன வலை கடலுக்குள் மீனைக் கொன்றுகொண்டே கிடக்கும். மேல்கயிறுதான் உங்களைப் பிடித்திருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்க வேண்டாம், அறுங்கள். முடிந்தால் இரு முனையையும் சேர்த்து முடிந்துவிடுங்கள். கரைக்கு வந்ததும் அந்தக் குப்பத்தில் போய் எந்தக் கொடி, எவ்வளவு அறுந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. அடுத்த வாரமும் அதே மணலில்தான் கயாக்கை இறக்கப் போகிறீர்கள்.

நீவாடு:

போலீஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆயுத விதிகளின்படி உரிமம் கேட்கும் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்குச் செய்தவை சேராது. 7 செ.மீ. மழுங்கல் முனைக் கத்தியோ 11 செ.மீ. தக்காளிக் கத்தியோ அதன் பக்கத்திலேயே வராது. ஆனாலும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்காதீர்கள். ஜாக்கெட்டோடு சேர்த்துச் சுருட்டி, கோல்களோடு வண்டியில் வையுங்கள். பார்த்ததும் எதற்கு என்று புரியும். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, சரக்குப் பெட்டியில்தான்.

பராமரிப்பு அதிகமில்லை. வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து உருவி, இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனியாகக் காயவையுங்கள். உறைக்குள் தங்கும் உப்புத்தான் அலகைத் தின்னும், கடல் அல்ல. தேங்காய் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசுக்காகி மணல் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி அல்லது வாஸ்லீன் போதும். பல்லுள்ள கத்தியைத் தீட்ட 600 நம்பர் நீர்த்தாளைப் பென்சிலில் சுற்றி, ஒவ்வொரு பள்ளத்திலும் சரிவுள்ள பக்கம் மட்டும் நாலைந்து தேய்ப்பு. மறுபக்கம் எழும் பிசிறைத் தட்டையாக ஒரு முறை உரசி எடுங்கள்.

சீசனுக்கு ஒருமுறை உங்கள் நங்கூரக் கயிற்றிலேயே ஒரு துண்டை நனைத்து, ஒரு முனையைத் தூணில் கட்டி, விறைப்பாகப் பிடித்து அறுத்துப் பாருங்கள். மூன்று நான்கு இழுப்பில் அறவில்லையா, தீட்டுங்கள்.

மணல்திட்டு:

தண்ணீரில் பழகிப் பார்ப்பது எப்படி? கடைசிக் கேள்வி.

துடுப்புமரம்:

மார்பளவு தண்ணி, அலை இல்லாத முட்டுக்காடு மாதிரி இடம், கூட ஒரு ஆள். முதல்ல அலகில்லாமப் பழகுங்க: அதே அளவு மரக்குச்சியைச் சீவி உறையில் சொருகுங்க. கண்ணை மூடி இடது கையால் பத்து தடவை, வலது கையால் பத்து தடவை உருவுங்க. மறு கை எப்பவும் கயாக்கின் பிடியில் இருக்கணும்.

கை பழகினதும் நிஜக் கத்தி. காலில் இரண்டு சுத்து பழைய கயிறு சுத்தி, மறுமுனையைக் கூட இருக்கிறவர் இழுக்கட்டும். உங்களுக்கும் இழுப்புக்கும் நடுவுல இருக்கிற பக்கத்தை அறுக்கணும், காலைச் சுத்தி இருக்கிறதை இல்லை. இழுப்பு நின்னா சுத்தல் தானே தளரும். அலகைக் கயிறுக்கு உள்பக்கம் நுழைச்சு, கூர் வெளியே பார்க்க, உடம்பை விட்டு வெளிப்பக்கமா அறுங்க. முழங்காலை மடக்கிக் கயிறைக் கைக்குக் கொண்டு வாங்க, கை கணுக்காலுக்குப் போக வேண்டாம்.

அறுந்ததும் கத்தியை உறையில் திரும்பச் சொருகப் பார்க்காதீங்க. தண்ணிக்குள்ள உறை வாய் தெரியாது, ஜாக்கெட்டையோ கழுத்தையோ குத்தும். கையை நீட்டி விட்டுடுங்க. நூல் கட்டியிருந்தா, கயாக் மேல ஏறுறதுக்கு முன்னாடி கத்தியைக் கைப்பிடியில் பிடிச்சு காலடிப் பள்ளத்துக்குள்ள முதல்ல போடுங்க. இல்லாட்டி நெஞ்சுக்கும் கயாக்குக்கும் நடுவுல திறந்த கத்தியோட ஏறுவீங்க. நூல் வேண்டாம்னு நான் சொல்றது இதுக்கும் சேர்த்துத்தான்.

நீவாடு:

அது நியாயம்தான். நூல் கட்டுபவர்கள் அந்த ஒரு அடியை மறக்காமல் பழகுங்கள். மணல்திட்டு, கைபேசியை நீர்புகாப் பையில் ஜாக்கெட்டிலேயே வையுங்கள், பெட்டியில் வேண்டாம். கடலோரக் காவல் படையின் தேடல்-மீட்பு எண் 1554. விசில் மற்றத் தோளில்.